இன்னும் வராதவர்களுக்கும் தண்ணீர்

1991-ல் எனக்கு அரசாங்க வேலை கிடைத்தது. குடிநீர் ஆபீஸில் இளநிலைப் பொறியாளர். சங்கரன்கோவில் பக்கத்து எங்கள் ஊரில் அப்பா, "பொண்ணு மெட்ராஸ் பக்கத்துல இன்ஜினியரா இருக்கா" என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த இன்ஜினியர் என்ன செய்துகொண்டிருந்தாள் என்பது அவருக்குத் தெரியாது. நான் இன்னும் பிறக்காத பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை ரோட்டை ஒட்டிய கிராமங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரு குடிநீர்த் திட்டம் போடுவதாக மேலே முடிவாகியிருந்தது. பாலாற்று மணலில் கிணறு இறக்கி, அங்கிருந்து குழாயில் தண்ணீரைக் கொண்டுவந்து, ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி கட்டி, தெருக்குழாய் வைப்பது. ஒரு தடவை குழாயைப் புதைத்துவிட்டால் முப்பது வருடம் அதைத் தோண்டக் கூடாது. அதனால் இன்றைக்கு ஊரில் எத்தனை பேர் என்பதைவிட, முப்பது வருடம் கழித்து எத்தனை பேர் இருப்பார்கள் என்பதுதான் கேள்வி.

எங்கள் அதிகாரிக்கு இது ஒரு கேள்வியே இல்லை. அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன ஸ்கேல் இருக்கும். பழைய ஜனத்தொகைக் கணக்கையெல்லாம் கிராஃப் தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, ஸ்கேலைப் போட்டு ஒரு கோடு இழுத்து, அதை அப்படியே தாளின் ஓரம்வரை கொண்டுபோனார்.

"கோடு எங்க போய் நிக்குதோ, அதாம்மா முப்பது வருஷம் கழிச்சு ஜனத்தொகை."

"சார், ஜனங்க இப்படி நேராத்தான் கூடுவாங்களா?"

"ஸ்கேலை வெச்சு வரைஞ்சா நேராத்தாம்மா போகும்" என்றார், நான் கேட்டதே புரியாதவர் போல.

ஆனால் நேரில் போய் விசாரித்ததாக ஃபைலில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டும் என்று விதி. ஆபீஸிலேயே புதிது நான்தான். ஊர் ஊராகப் போய், வீட்டில் எத்தனை பேர், எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள், இனிமேல் குடும்பம் எவ்வளவு பெருகும் என்றெல்லாம் கேட்டு வரும்படி என்னை அனுப்பினார்.

அப்போது நான் பிள்ளைப்பாக்கத்தில் ஓர் அக்காவோடு அறை எடுத்துத் தங்கியிருந்தேன். ஒரு வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டியிருந்த ஒற்றை அறை. அக்கா காஞ்சிபுரத்துப் பக்கம். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். அந்தச் சுற்று வட்டாரத்துக்கு அவர்தான் கிராம நர்ஸ். பிரசவம், தடுப்பூசி, கூடவே குடும்பக் கட்டுப்பாடு. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் தெருவுக்குள் நுழைந்தால், இரண்டு பிள்ளைக்கு மேல் உள்ள ஆண்கள் எல்லோருக்கும் அந்த நிமிஷமே வயலில் அவசர வேலை வந்துவிடும்.

நர்சம்மாவோடு தங்கியிருப்பவள் என்பதால் நானும் அதே டிபார்ட்மென்ட் என்று ஊர் முடிவு கட்டியிருக்கிறது. இது தெரியாமல் முதல் நாள் முதல் வீட்டில் போய் நின்றேன்.

"யக்கா, உங்க வீட்டுல எத்தன பேரு?"

"நாலு பேரு. இப்பத்தான எண்ணிக்கினு போனாங்க? சுவத்துல கூட நம்பர் எழுதிட்டுப் போனாங்களே."

"அது ஜனத்தொகைக் கணக்கு, இது வேற. இன்னும் எத்தன பேரு வருவாங்கன்னு சொல்லுங்க."

அந்தப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உள்ளே யாரோ பின்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஓடும் சத்தம் கேட்டது.

"இன்னாம்மா நீங்க? போன வாரம் அந்தம்மா வந்து இத்தோட போதும்னுச்சு. இன்னிக்கு நீ வந்து இன்னும் எத்தினின்ற. உங்களுக்குள்ள பேசி ஒரு முடிவுக்கு வாங்க, அப்பால நாங்க பெத்துக்கிறோம்!"

கதவு சாத்திக்கொண்டது. அடுத்த வீட்டில் கதவைத் தட்டுவதற்கு முன்பே சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஓர் அம்மா மட்டும் என்னை உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இன்னா கண்ணு, பாட்டு பாடற மாதிரியே பேசற? எந்த ஊரு உனுக்கு?" என்று விசாரித்து, என் கல்யாணம் வரைக்கும் பேசி முடித்துவிட்டுத்தான் விட்டார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

சாயங்காலம் இதைச் சொன்னபோது அக்கா சோற்றுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"ஏன்டி, நானே ஒவ்வொரு வூடா ஏறி எறங்கி, கெஞ்சி கூத்தாடி, ரெண்டு பேரை ஒத்துக்க வெச்சிருக்கேன். நீ போயி இன்னும் எத்தினின்னு கேட்டியா? அவங்க மனசு மாறிச்சுன்னா உன்னத்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவேன்."

"தொட்டி எவ்வளவு பெருசுன்னு முடிவு பண்ணணும்ல அக்கா."

"சின்னதாவே கட்டு. நான் பாத்துக்கறேன்."

எங்கள் அறையில் இந்தச் சண்டை வேடிக்கையாகத்தான் நடந்தது. தெருவில் அப்படி இல்லை. முன்பு பஞ்சாயத்துத் தலைவராக இருந்தவர் ஒருவர் அந்த ஊரில் இருந்தார். பதவி போனாலும் வெள்ளைச் சட்டையும் குரலும் போகவில்லை. ஜனத்தொகையை வைத்துத்தான் தொட்டியின் அளவு முடிவாகும் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. மறுநாள் ரோட்டோர டீக்கடையில் என்னை நிறுத்தினார்.

"எழுதிக்கோம்மா. பிள்ளைப்பாக்கம், ஆறாயிரம் பேரு."

"ஐயா, ஊர்ல அதுல பாதிகூட இல்லையே."

"வெளியூர்ல கீறவங்க? பொங்கலுக்கு வருவாங்களே, அவங்களுக்கு தண்ணி வோணாமா?"

"வருஷத்துக்கு ஒரு தடவைதான வராங்க."

"சரி, மாடு?"

"மாட்டுக்குத் தனிக் கணக்கு ஐயா."

"தனிக் கணக்கா எழுது. ஆனா எழுது."

அந்த நேரம் பார்த்து அக்கா பஸ்ஸுக்காக அங்கே வந்து நின்றார். தலைவர் அவர் பக்கம் திரும்பினார்.

"நர்சம்மா, நல்ல நேரத்துல வந்தே. உன்னாலதான் எங்க தொட்டி சின்னதாப் போவுது. பக்கத்து ஊருல நீ இந்த அளவுக்குப் போறதில்ல. தொட்டி சாங்ஷன் ஆவுற வரிக்கும் அந்த ஆப்ரேஷனை கொஞ்சம் நிறுத்தி வெய்யேன்."

அக்கா பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

"நிறுத்தலாம் தலைவரே. பத்து மாசம் சுமக்கறது நீங்களா?"

பாய்லருக்குப் பின்னால் நின்ற டீக்கடைக்காரர் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது மட்டும் தெரிந்தது. தலைவரும் சிரித்துவிட்டார், கொஞ்சம் தாமதமாக. "இல்லம்மா, ஊரு நல்லதுக்குச் சொன்னேன்" என்று எங்கள் இருவருக்கும் டீ சொன்னார். அன்றிலிருந்து என்னைத் "தண்ணி அம்மா" என்று கூப்பிட ஆரம்பித்தார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. ஒரு நன்மை, எனக்குக் கதவுகள் திறந்தன.

ஊர்களை ஒவ்வொன்றாக முடித்தேன். சேரப்பணஞ்சேரியில் மோர் கொடுத்தார்கள், வேறோர் ஊரில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். எங்கே போனாலும் ஒன்று மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. கிராமத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நாற்பது லிட்டர் என்பது எங்கள் ஆபீஸ் விதி. வீடுகளில் கேட்டால் அந்த நாற்பதுகூட இல்லை, "ஆளுக்கு ஒரு கொடம் போதும்மா" என்றார்கள். தண்ணீருக்கு ஏங்கும் ஊரில் பிறந்தவள் நான். எங்கள் ஊரிலேயே ஒரு குடத்தில் ஓர் ஆளின் நாளை ஓட்ட முடியாது. இவ்வளவு ஏரி உள்ள இடத்தில் எப்படி?

இதைப் பற்றி நான் புலம்பியபோது அக்காவுக்கு வேறு இடத்தில் கோபம் வந்தது.

"நாப்பது லிட்டரா? எந்த ஆம்பள போட்ட கணக்குடி இது? முடி வெட்டிக்கினு சுத்தறவன் போட்டிருப்பான். நீ ஒரு நாள் அந்த நாப்பது லிட்டர்ல இருந்து காட்டு பாக்கலாம்."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்த லீவு நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. அடிபம்பிலிருந்து மூன்று குடம் தூக்கிவந்து, மூன்றாவதில் கொஞ்சம் கொட்டி, சரியாக நாற்பது லிட்டர் என்று அக்காவிடம் காட்டினேன். அவர் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எனக்குக் காவல் இருந்தார்.

காலையில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பல் தேய்த்தேன், காப்பி போட்டேன், சோறு வடித்தேன், அரிசி களைந்த தண்ணீரிலேயே பாத்திரத்தை முதல் கை அலசினேன். அக்காவுக்கே லேசாகக் கவலை வந்தது, தோற்றுவிடுவோமோ என்று. அப்புறம் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். வெள்ளிக்கிழமை ஆயிற்றே என்று தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இடுப்புக்குக் கீழே முடி. சீயக்காயைக் குழைத்துத் தேய்த்து, சொம்பு சொம்பாக ஊற்றினால் தண்ணீர் போன இடம் தெரியவில்லை. மூன்றாவது குடத்தின் அடி தெரிந்தபோது எண்ணெயில் பாதியும் சீயக்காயில் முக்காலும் தலையிலேயே இருந்தன. கண்ணைத் திறக்க முடியவில்லை.

"அக்கா, ஒரு சொம்பு. ஒரே ஒரு சொம்பு."

"அது என் நாப்பதுலேர்ந்து வரணும். முடியாது" என்றார் அக்கா. கட்டிலில் உருண்டு சிரிப்பது காதில் விழுந்தது.

அடிபம்பும் அன்றைக்குப் பார்த்து வாஷர் போய்க் காற்றை இறைத்தது. கடைசியில் தலையில் துண்டைச் சுற்றி, அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி தெரு முழுக்க நடந்து ஊர்க்கோடிப் பம்ப்செட்டுக்குப் போனேன். நெற்றியில் சீயக்காய் வழிந்துகொண்டிருந்தது. வழியில் முன்னாள் தலைவர் குரல் கேட்டது.

"இன்னா இது, தண்ணி அம்மாவுக்கே தண்ணி இல்லியா?"

நான் கண்ணைத் திறக்கவில்லை. திறந்திருந்தாலும் அவரைப் பார்த்திருக்க மாட்டேன்.

பம்ப்செட் தொட்டிக்குள் இறங்கி, கை தடிமனில் விழுகிற தண்ணீருக்கு அடியில் தலையைக் கொடுத்தபோது, சங்கரன்கோவில்காரியான எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்படி ஒரு தண்ணீரை நான் உடம்பில் வாங்கியதே இல்லை. நிறைய நேரம் அப்படியே நின்றேன். பிறகு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

பாதித் தெரு அங்கே இருந்தது. ஒரு பக்கம் துணி துவைக்கும் கல்லில் நாலைந்து பெண்கள். வாய்க்காலில் பிள்ளைகள் குளித்துக்கொண்டிருந்தன. யாரோ அண்டா குண்டாவெல்லாம் கொண்டுவந்து புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே எருமை வேறு. ஆளுக்கு ஒரு குடம் போதும் என்று என்னிடம் சொன்ன அதே பெண்கள்தான். அவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டுக்குள் எடுத்துப்போவது ஒரு குடம்தான். குளியல், துணி, பாத்திரம் எல்லாம் இங்கேயும் ஏரியிலும் முடிந்துவிடுகிறது. நான் வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறேன்.

பம்ப்செட்டுக்காரம்மா மோட்டார் அறை நிழலில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷன் போன பிறகு அவரே நின்று பயிர் பார்ப்பவர். என்னைப் பார்த்து, "நல்லா குளிச்சுக்கோ கண்ணு. இந்த அறுப்போட சரி" என்றார்.

"ஏன், மோட்டார் ரிப்பேரா?"

"நெலத்தை கம்பெனிக்கு பேசி முடிச்சாச்சு. அறுப்பு ஆனதும் மோட்டாரைக் கயட்டிடுவாங்க. இந்தப் பக்கம் முச்சூடும் கம்பெனிதான் வரப்போவுதாம்."

"அப்ப இவங்கல்லாம் குளிக்கறதுக்கு எங்க போவாங்க?"

"எங்க போவாங்க? உன் கொழாக்குத்தான் வருவாங்க" என்றார், அதில் என்ன சந்தேகம் என்பது போல.

தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நான் அப்படியே நின்றேன். ஒரு குழந்தைகூடப் புதிதாகப் பிறக்க வேண்டாம். இந்த ஒரு மோட்டார் நின்றால் போதும், இந்தத் தெருவின் தேவை மூன்று மடங்கு ஆகிவிடும். எங்கள் அதிகாரியின் கோட்டில் இதற்கு இடமே இல்லை.

பம்ப்செட்டுக்காரம்மா பேச்சை நிறுத்தவில்லை. மீதி இருக்கிற துண்டு நிலத்தில் வரிசையாக ரூம் கட்டி வாடகைக்கு விடப்போகிறாராம். கம்பெனி வந்தால் ஆட்கள் வருவார்களாம்.

"ரூமுக்குத் தண்ணிக்கு என்ன ஏற்பாடு?" என்றேன்.

"அத்தினிக்கும் சேத்து ஒரு கொழா. அதுவே ஜாஸ்தி. ஒண்டிக்கட்டைங்கதான வரப்போறானுங்க. அவனுங்க எங்க குளிக்கப் போறானுங்க?"

"ஷிப்ட் முடிஞ்சு கிரீஸும் வேர்வையுமா வாரவன் குளிக்காமயா படுப்பான்?"

"உனுக்கு ஆம்பளைங்களைப் பத்தித் தெரியாது கண்ணு. கல்யாணம் ஆவலல்ல."

துவைத்துக்கொண்டிருந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒருத்தி தன் புருஷன் தீபாவளிக்குத் தீபாவளிதான் என்றாள். இன்னொருத்தி தன் கொழுந்தன் நாளைக்கு இரண்டு தடவை குளிப்பதாகவும் அதனாலேயே அவனுக்குப் பெண் கிடைக்கவில்லை என்றும் சொன்னாள். ஆண்களின் தினசரித் தண்ணீர்த் தேவை பற்றி அதைவிட விரிவான ஆலோசனைக் கூட்டம் ஒன்றில் நான் பிற்பாடு எந்தக் காலத்திலும் கலந்துகொண்டதில்லை. அக்காதான் கடைசியில், "ஏதோ ஒண்ணு, ரூமுக்கு ஒரு கொழா வை அண்ணி. இல்லன்னா சொறி சிரங்குன்னு எல்லாரும் என்னாண்டதான் வருவானுங்க" என்று முடித்து வைத்தார்.

அதற்கப்புறம் நான் வீடுகளை விட்டுவிட்டு வயல்களைச் சுற்ற ஆரம்பித்தேன். எந்தக் கிணறு விலை பேசியாகிவிட்டது, எந்த மோட்டாரில் எந்தத் தெரு குளிக்கிறது, யார் ரூம் கட்ட அஸ்திவாரம் தோண்டியிருக்கிறார்கள் என்று விசாரித்தேன். ஆபீஸுக்குத் திரும்பி, அதிகாரியின் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு வரைந்தேன். அது கொஞ்ச தூரம் அவருடையதோடு சமர்த்தாகப் போய், பிறகு மாடு மிரண்ட மாதிரி மேலே எகிறியது.

அதிகாரி ஸ்கேலை அதன்மேல் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தவில்லை.

"இது என்னம்மா, பாம்பு மாதிரி? இதை மீட்டிங்ல காட்டினா சிரிப்பாங்க."

"காட்டிப் பார்ப்போம் சார்."

அவர் நல்ல மனிதர். நம்பவில்லை, ஆனால் காட்ட விட்டார்.

மெட்ராஸிலிருந்து பெரிய அதிகாரி வந்திருந்தார். மேஜையைச் சுற்றி எல்லோரும் ஆண்கள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் கோட்டைப் பார்த்தார்.

"குடும்பக் கட்டுப்பாடு இவ்வளவு நல்லா நடக்குது. ஜனத்தொகை ஏன் எகிறணும்?"

"பொறக்கறவங்க குறைவாங்க சார். வாரவங்க கூடுவாங்க. இருக்கறவங்களுக்கும் இப்ப இருக்கற கிணறு, பம்ப்செட் எல்லாம் போயிடும். குளிக்கக்கூட நம்ம குழாய்தான்."

"ஆளுக்கு நாற்பது லிட்டர்னு விதி இருக்கே. அது போதாதா?"

"போதாது சார். நானே இருந்து பார்த்தேன்."

"எப்படி?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் எண்ணெய் தேய்த்துக் குளித்த கதையைச் சொன்னேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்ததுவரை சொன்னேன். முக்கால்வாசிப் பேர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மின்விசிறியைப் பார்த்தார். என் காது எரிந்தது. பெரிய அதிகாரி மட்டும் என்னையே பார்த்தார்.

"எனக்கு மூணு பொண்ணுங்க" என்றார் கடைசியில். "எங்க வீட்டுல வெள்ளிக்கிழமைன்னா நான் ஆபீஸுக்கு வந்துதான் முகம் கழுவறது."

மேஜை முழுக்கச் சிரித்தது. அதற்குப் பிறகு பேச்சு சுலபமாகிவிட்டது. முழுசாக நான் கேட்டது கிடைக்கவில்லை. தொட்டி அதிகாரியின் கோட்டின்படிதான். ஆனால் குழாய் என் கோட்டின்படி. "தொட்டி பத்தலைன்னா பக்கத்துல இன்னொண்ணு கட்டிக்கலாம். குழாயை ரெண்டாம் தடவை தோண்ட முடியாது" என்றார் பெரிய அதிகாரி. இரண்டாவது தொட்டிக்கு இடமும் ஒதுக்கச் சொன்னார். வெளியே வந்ததும் எங்கள் அதிகாரி, "நான் அப்பவே சொன்னேன் பாருங்க, காட்டுங்கன்னு" என்றார். எனக்கு இருந்த சந்தோஷத்தில் அதை மறுக்கத் தோன்றவில்லை.

திட்டம் முடிந்து தண்ணீர் வர இரண்டு மூன்று வருடம் ஆயிற்று. பிள்ளைப்பாக்கத்தில் முதன்முதலாகக் குழாயைத் திறந்துவிட்ட அன்று ஊரே குடத்தோடு நின்றது. முதல் வாய்த் தண்ணீரைத் தானே குடிப்பதாக முன்னாள் தலைவர் சொல்லியிருந்தார். சலவைச் சட்டையோடு குழாய்க்கு முன்னால் குனிந்தார். புதுக் குழாயில் காற்று அடைத்திருக்கும், தள்ளி நில்லுங்கள் என்று நான் சொன்னது மேளச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. குழாய் இரண்டு தடவை இருமியது. பிறகு சேற்று நிறத்தில் ஒரு பீச்சு பீச்சியது. தலைவர் நிமிர்ந்தபோது மீசைக்கும் சட்டைக்கும் நடுவே வித்தியாசம் தெரியவில்லை.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பிரஷர் நல்லாத்தான் கீது" என்றார். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் தெளிந்தது. அக்கா அதற்குள் மாற்றலாகி வாலாஜா பக்கம் போயிருந்தார். இதைப் பார்க்க அவர் இல்லையே என்று எனக்கு ஒரு பக்கம் வருத்தமாக இருந்தது.

நானும் அடுத்த வருடம் மாற்றலாகி வேறு மாவட்டம் போனேன். சில வருடம் கழித்து ஒரு நாள் ஆபீஸ் போன் ஒலித்தது. பழைய அதிகாரி. ரிட்டையர் ஆகப் போகிற சமயம்.

"உங்க கோடும் தப்பும்மா" என்றார் எடுத்த எடுப்பில்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏன் சார்? யாரும் வரலையா?"

"நீங்க போட்டதைவிட ஜாஸ்தி வந்துட்டாங்க. ரெண்டாவது தொட்டிக்கு நேத்து பூமி பூஜை போட்டோம். நீங்க சொன்ன அந்தப் பம்ப்செட்டுக்காரம்மா ரூமெல்லாம் நிரம்பி மாடி எடுத்துட்டாங்க. குழாய் மட்டும் தாங்குது. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

போனை வைத்துவிட்டு வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். அந்தப் பக்கம் போகிற யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொன்னாலும் என்ன புரியும்? உள்ளே வந்து, என் மேஜையில் கிடந்த புது ஊர்த் திட்டத்தை எடுத்து, குழாயின் அளவைப் பெரிதாக்கி எழுதினேன். ஏன் என்று கேட்டால் சொல்வதற்குப் பதிலெல்லாம் தயாராக வைத்துக்கொண்டு அந்த ஆபீஸ் அதிகாரியிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினார்.